ரோடு உயர்ந்தால் என் வீடு பள்ளமாகிவிடுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரக் கடப்புறத்தில் இருக்கிறோம். கடற்கரைச் சாலைக்கு வடபுறம் எங்கள் வீடு. தென்புறம் கல் போட்ட சுவர், அதற்கப்பால் கடல். ஆனி, ஆடி மாதங்களில் கடல் கேறி ரோட்டைத் தாண்டி முற்றம் வரை வந்துவிடும். இப்போது ரோட்டை அகலப்படுத்தி மூன்றடி உயர்த்தப் போவதாகவும், கடல் பக்கம் புதிய சுவர் வரப்போவதாகவும் சொல்கிறார்கள். அளவெடுத்துவிட்டும் போயிருக்கிறார்கள். ரோடு உயர்ந்தால் கடல் உள்ளே வராது என்கிறார் கணவர். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் தேங்கிவிடும் என்கிறார் மாமியார். வீட்டுத் தரையை இப்போதே உயர்த்திவிடலாமா? சுவர் கேட்பதா, தூண்டில் வளைவு கேட்பதா? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மாமியார் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் தரையை உயர்த்தும் வேலையை இப்போது தொடங்காதீர்கள்.

ஏனென்றால் இன்று உங்கள் கையில் இருப்பது "மூன்றடி" என்ற பேச்சு மட்டும்தான். எங்கிருந்து மூன்றடி? இப்போதிருக்கும் தாரிலிருந்தா, ரோட்டோரத்து மண்ணிலிருந்தா? பொறியாளரின் வரைபடத்தில் எல்லா உயரமும் சராசரிக் கடல் மட்டத்திலிருந்துதான் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் தெரியாமல் கடன் வாங்கித் தரையை இரண்டடி தூக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோடு நாலடியில் வந்து நின்றால் பணமும் போகும், கதவு நிலையும் தலையில் இடிக்கும், தண்ணீரும் உள்ளேதான் நிற்கும்.

முதலில் உங்கள் வீட்டின் மட்டத்தை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு நீளக் குழாய்தான் அது. காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை வாசல் நிலையோடு சேர்த்துப் பிடியுங்கள். மறுமுனையை ஒரு கம்பில் கட்டி, வீட்டில் இன்னொருவர் ரோட்டின் நடுவில் நிற்கட்டும். தண்ணீர் ஏறி இறங்கி ஆடி அடங்கும் வரை பொறுத்திருங்கள். அடங்கிய பிறகு இரண்டு முனையிலும் மட்டம் ஒன்றுதான். நிலையில் அந்த இடத்தைக் கீறி, அங்கிருந்து தரை வரை எவ்வளவு என்று அளங்கள். கம்பில் அதே மட்டத்திலிருந்து ரோடு வரை எவ்வளவு என்றும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரோட்டுக்கும் உங்கள் தரைக்கும் உள்ள வித்தியாசம். சென்ற ஆண்டு கடல் கேறியபோது தண்ணீர் சுவரில் எதுவரை நின்றது என்று மாமியாருக்கு நினைவிருக்கும். அதையும் பக்கத்திலேயே பெயின்டால் குறித்து வையுங்கள்.

அளவெடுத்தவர்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ மைல்கல்லிலோ ஓர் அம்புக்குறியும் எண்ணும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அது தற்காலிக மட்டக்குறி. அதிலிருந்து உங்கள் வாசல் வரை டியூப் பிடித்துவிட்டால், கடல் மட்டத்திலிருந்து உங்கள் தரை எவ்வளவு உயரம் என்பதும் கிடைத்துவிடும். பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் "எங்க வீடு பள்ளமாயிடும் சார்" என்பதற்கும், "ரோடு வந்தால் எங்கள் தரை இத்தனை சென்டிமீட்டர் கீழே போகும்" என்பதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

இனி மாமியாரின் கவலைக்கு வருகிறேன். இதுதான் அவசரம். கடலோரத்தில் உயர்த்திய ரோடு என்பது கடலுக்கு ஒரு வரம்பு. வீட்டுப் பக்கம் பெய்யும் மழைக்கும் அதே வரம்புதான். இன்று முற்றத்து நீர் எப்படியோ ரோட்டின் மேல் வழிந்தோ, பழைய குழாய் வழியாகவோ கடலுக்குப் போய்விடுகிறது. நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலா மழை என்னும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மூன்றடி வரம்பு வந்த பிறகு ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டினால் அந்த நீர் எங்கே போகும்? இதற்கு ஒரே பதில் ரோட்டுக்கு அடியில் போகும் சிறுபாலங்கள். உங்கள் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நடந்து, இப்போது எத்தனை இருக்கின்றன, எத்தனை மண் மூடிக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது பழைய குழாயோடு புதுக் குழாயை ஒட்டி நீட்டுவது வழக்கம். மட்டம் பிசகினால் அந்த இணைப்பில் மண் தங்கி, இரண்டே ஆண்டில் அடைத்துக்கொள்ளும். நீட்டல் வேண்டாம், ஆள் குனிந்து உள்ளே போய்த் துப்புரவு செய்யக்கூடிய பெட்டிப் பாலமாகவே கட்டித் தாருங்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பாலத்தின் கடல் பக்கம் ஒருவழிக் கதவு வேண்டும். மேலே கீல் வைத்துத் தொங்கும் ஒரு தகடு. உள்ளிருந்து மழைநீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். கதவு இல்லாவிட்டால், சுவரைத் தாண்ட முடியாத கடல் உங்கள் சாக்கடை வழியாக வரும். கிழிந்த வலைத் துண்டோ தேங்காய் மட்டையோ சிக்கினால் கதவு மூடாது. ஆகவே அதை யார், எந்த மாதம் சுத்தம் செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். என் அனுபவத்தில், கதவு கெட்டுப்போய் ஊர் மூழ்கியதைவிட, கதவுக்குப் பொறுப்பாள் இல்லாமல் மூழ்கியதே அதிகம்.

இப்போது கடல். கன்னியாகுமரிக் கரையில் வேலியேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் போல ஏற்றம் மட்டுமே பல மீட்டர் உயரும் கரையல்ல இது. இங்கே ஏற்றத்தோடு நெடிய அலையும் சேரும்போதுதான் ஆபத்து. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயற்காற்று எழுப்பிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் கேறும். கள்ளன் போல வருவதால் நம் ஆட்கள் அதைக் கள்ளக்கடல் என்றார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மாண்டது இப்படியொரு கடலில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது. சித்திரை, வைகாசியில் அந்த அறிவிப்பு வந்தால், மழை இல்லையே என்று முற்றத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

சுவர் எவ்வளவு உயரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுவருக்கு முன்னால் எவ்வளவு மணல் என்று கேட்பவர் குறைவு. கரையை நெருங்கும் அலை, அங்குள்ள நீரின் ஆழத்துக்கு ஏற்ற உயரத்தில்தான் வர முடியும்; ஏறத்தாழ ஆழத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் உயர்ந்தால் உடைந்துவிடும். சுவரடி மணல் போய் ஆழம் இரு மடங்கானால், சுவரைத் தொடும் அலையும் இரு மடங்காகும். அலை இரு மடங்கானால் அதைத் தாங்கக் கல்லின் எடை இரு மடங்கு போதாது, எட்டு மடங்கு வேண்டும். கல்லின் எடை அலை உயரத்தின் கன அளவுக் கணக்கில் ஏறும்: 2×2×2 = 8. ஒரு டன் கல் நின்ற இடத்தில் எட்டு டன் கல் கேட்கும். ஆண்டுதோறும் கல் கொட்டியும் கடல் விழுங்குகிறது என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

கல் உண்மையில் எங்கும் போவதில்லை. அடியில் இருந்த மணல் போய்விட, கல் கீழே இறங்குகிறது. ஓர் ஊரில் ஆவணி மாதம் ரோட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மேலே தார் பளபளவென்று இருந்தது, விரிசல்கூட இல்லை. கடல் பக்க ஓரத்தில் கடப்பாரையால் தட்டினால் 'டொம்' என்று பானைச் சத்தம். குனிந்து பார்த்தேன். தார் உதடு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியில் கை விட்டால் முழங்கை வரை போனது. சுவரைத் தாண்டி விழுந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போக வழியில்லாமல், ரோட்டடி மணலைக் கல்லிடுக்கு வழியாக உருவிக்கொண்டு போயிருந்தது. மேலே பள்ளிப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று மதியமே கயிறு கட்டி ரோட்டை மூட வைத்தோம்.

அதனால் சுவர் கட்டும்போது ஊர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். ஒன்று, சுவரின் கால். இன்றைய மணலுக்கு மேல் வைத்தால் போதாது, ஆடியில் மணல் இறங்கும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். இரண்டு, பெரிய கல்லுக்கும் மணலுக்கும் நடுவே வடிகட்டும் அடுக்கு: ஜியோடெக்ஸ்டைல் துணியும் அதன்மேல் சிறுகல்லும். இதை விட்டுவிட்டுப் பெரிய கல்லை நேராக மணலில் கொட்டுவதைக் கண்டால் அன்றே ஆட்சேபியுங்கள், கல் அடுக்கிய பிறகு யாரும் உள்ளே பார்க்க முடியாது. மூன்றாவது, வள்ளம் ஏற்றி இறக்கச் சுவரில் விடும் இடைவெளி. அது இல்லாமல் தொழில் நடக்காது. ஆனால் நேராகத் திறந்துவிட்டால் கடலுக்கு அதுவே வாசல். ஒரு சுவர் மற்றொன்றை மறைப்பது போல வளைத்து வழி விடச் சொல்லுங்கள். செங்குத்தான கான்கிரீட் சுவர் பார்வைக்கு அழகு. அதில் மோதும் அலை திரும்பி விழுந்து தன் காலையே தோண்டும். சரிவாக அடுக்கிய கல்லே நம் மணற்கரைக்கு நல்லது. மேல் விளிம்பில் கம்பி போட்ட கான்கிரீட் வருமானால், உப்புச் சாரல் படும் இடத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது எம்35 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் மூடலும். நம் ஊர்ச் சுவர்களில் கம்பி துருத்தி நிற்பதற்குப் பெரும்பாலும் அந்த மூடல் இல்லாததே காரணம்.

தூண்டில் வளைவு வேண்டுமா என்றால், உங்கள் ஊருக்கு மட்டும் தனியாகக் கேட்காதீர்கள் என்பேன். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் வரம்புதான் அது; கரையோரமாக ஓடும் மணலை மறித்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. உங்களிடம் தங்கிய மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். அதன் ஒரு பக்கம் கரை வளரும், மறு பக்கம் தேயும். எந்தப் பக்கம் என்பது பருவக்காற்றைப் பொறுத்தும் மாறும். சுவரிலும் இந்தக் கடைமுனைத் தொல்லை உண்டு. கொச்சிக்கு அருகே செல்லானத்தில் 7 கிலோமீட்டருக்கு டெட்ராபாட் என்னும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளைப் போட்டு நன்றாகத் தடுத்தார்கள். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலிக்காரர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி வரை தேவாலயப் பங்குப்பேரவைகள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பதுதான் நியாயம். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதலான கரைக்கோட்டு மாற்றத்தை வரைபடமாக்கியிருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு தேய்ந்தது என்று அதைக் காட்டிப் பேசலாம்.

யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான். ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு, அலைத்தடுப்புச் சுவர் நீர்வளத் துறைக்கு, மீன்பிடித் துறைமுகமும் இறங்குதளமும் மீன்வளத் துறைக்கு, தெரு ஓடை உள்ளாட்சிக்கு. ரோட்டோரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அந்த ஆறடி மண்ணில் தண்ணீர் தேங்கினால் அது யாருடையதும் அல்ல. அதனால் தனித்தனி அலுவலகம் ஏறி இறங்காமல், எல்லாத் துறையும் உட்காரும் நாகர்கோவில் மீனவர் குறைதீர் கூட்டத்தில், ஆட்சியர் முன்னிலையில் மனுவைக் கொடுங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கு விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "உங்கள் திட்டம் என்ன" என்று கேட்டால் வழவழவென்று பதில் வரும். எங்கள் தெரு எதிரே ரோட்டின் முடிவு மட்டம் எவ்வளவு, சிறுபாலங்கள் எந்தெந்த இடத்தில், எந்த அளவில், கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அனுமதியின் நகல் எங்கே என்று மூன்றே கேள்வி கேளுங்கள்.

வீட்டின் ஒரு பகுதி அகலப்படுத்தலில் போவதாக இருந்தால் அறிவிப்புக் கடிதம் வரும். அதில் ஆட்சேபத்துக்குக் குறிப்பிட்ட கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை மூன்றையும் இப்போதே ஒரு பையில் எடுத்து வையுங்கள்.

முடிவு மட்டம் எழுத்தில் வந்த பிறகு தரையை உயர்த்துவது பற்றி யோசிக்கலாம். ரோட்டைவிட உங்கள் தரை ஓரடிக்குள் கீழே இருக்கும், சிறுபாலமும் பக்கத்திலேயே வருகிறது என்றால், வாசலில் ஒரு படியும் முற்றத்துக்கு நல்ல வாட்டமும் போதும். அதைவிடப் பள்ளமானால்தான் தரை வேலை. அப்போதும் முதலில் கழிப்பறைத் தொட்டியை உயர்த்துங்கள். தண்ணீர் ஏறும் நாளில் முதலில் பொங்கி வீட்டுக்குள் வருவது அதுதான்.