பழைய ஸ்போர்ட்ஸ் வீடியோ கேம்களில் உங்களால் மறக்கவே முடியாத இசை எது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அநேகமாக ஃபிஃபா 98 ஆடியவராக இருப்பார். அதன் தொடக்கத்தில் வரும் ப்ளர் குழுவின் பாட்டு எனக்கும் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அது கேமுக்காகப் போட்ட பாட்டு இல்லையே! வெளியே ஹிட்டான பாட்டைக் கொண்டுவந்து ஒட்டியது.

என் பதில் எக்ஸைட்பைக். 1984இல் நின்டென்டோ வெளியிட்ட பைக் ரேஸ். இசை அகிதோ நகாட்சுகா. ரேஸ் ஓடும்போது பாட்டே கிடையாது, வெறும் இன்ஜின் உறுமல்தான். முகப்புத் திரையில் ஒரு துண்டு, ரேஸ் தொடங்கும் முன் ஒரு துண்டு. இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள்தான் இசை.

1996 கோடை விடுமுறையில் மாமா பர்மா பஜாரிலிருந்து ஒரு டூப்ளிகேட் நின்டென்டோ டிவி கேம் வாங்கி வந்தார். அந்த முகப்புத் துண்டுக்காகவே ரீசெட்டை அழுத்திக்கொண்டிருப்பேன். ரீசெட் செய்தால் கேசட்டின் மெனுவுக்குப் போய்விடும். மறுபடி பட்டியலில் இறங்கி, பைக்கைத் தேடிப் பிடித்து, கேட்டு, திரும்ப ரீசெட். அப்பத்தா பொறுக்க முடியாமல், "வண்டிய ஓட்டாம ஏண்டா சும்மா ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்க?" என்றார்.

அப்போது கீபோர்டு வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். காதால் கேட்டே அந்தத் துண்டைப் பிடித்தேன். வலக்கையில் இரண்டு விரல், இடக்கையில் ஒன்று, போதும். காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த மெஷினின் சிப்பில் சுரம் வாசிக்க மூன்றே தடங்கள்: மெட்டுக்கும் துணை மெட்டுக்கும் இரண்டு சதுர அலை, அடியில் ஒலிக்கும் பேஸுக்கு ஒரு முக்கோண அலை. தாளத்துக்கு ஓர் இரைச்சல் தடம், பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான். அதனால் அந்தக் காலத்துக் கேம் இசையில் தேவையில்லாத சுரம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. "சின்ன வயசு ஏக்கத்தில் பேசுகிறாய்" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். இருக்கட்டும். ஏக்கம் இருந்தால் காது கேட்காதா என்ன?

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஆண்டு விழாவுக்கு என்ன வாசிக்கப் போகிறாய் என்று மாஸ்டர் கேட்டார். இதை வாசித்துக் காட்டினேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டவுன் பஸ் ஹாரன் மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பட்டியலில் என் பெயரையும் அடித்துவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. விழா உடுப்புக்கென்று முன்பே 150 ரூபாய் வாங்கியிருந்தார்கள். மேடையே ஏறாதவனுக்கு எதற்கு உடுப்பு? அப்பா இரண்டு முறை போய்க் கேட்டார். அடுத்த வருஷக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். அடுத்த வருஷம் போனால் அந்த மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.