மாசித் துணியும் பிஜியின் இன்றைய கலையும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கச் சென்றபோது அவள் குடும்பத்தோடு பிஜிக்கும் போய்வந்தேன். தலைநகர் சுவாவில் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பழைய இரட்டைப் படகும் போர்த்தடிகளும் மனத்தில் நின்றன. வெளியே சந்தையிலும் விடுதிகளிலும் விற்றவை மரக்கிண்ணங்கள், பாய்கள், கறுப்பும் பழுப்புமாக அச்சிட்ட மரப்பட்டைத் துணிகள் ஆகியவைதாம். இன்று வாழும் கலைஞர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டபோது எங்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பிஜியில் நவீனக் கலை உண்டா, அல்லது சுற்றுலாப் பயணிகளுக்கான கைவினைப் பொருட்கள் மட்டும்தானா? கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் வடித்தாரே, அவர்கள் வழிவந்தவர்கள் யாரேனும் கலைத்துறையில் இருக்கிறார்களா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உண்டு. ஆனால் சந்தையில் பார்த்த அந்த மரப்பட்டைத் துணியைக் கைவினை என்று ஒதுக்கிவைத்துவிட்டு வேறெங்கோ தேடினால் பிஜியின் இன்றைய கலையை நாம் தவறவிட்டுவிடுவோம். அங்கே இப்போது நடக்கும் தீவிரமான கலைமுயற்சிகளில் பல அந்தத் துணியிலிருந்தோ, அதைப் போலப் பெண்களின் கைகளில் வாழ்ந்த வேறு கலைகளிலிருந்தோதான் கிளம்பியிருக்கின்றன. ஆகவே துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

அதன் பெயர் மாசி. காகித மல்பெரி என்னும் சிறுமரத்தை வெட்டிப் பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்நாரை நீரில் ஊறவைத்து, கட்டைமேல் வைத்து மரச் சம்மட்டியால் மணிக்கணக்கில் அடித்து அகலமாக்குகிறார்கள். கையகலத்துப் பட்டை அடிக்க அடிக்க விரிந்து மெல்லிய தாளாகிறது. அப்படிப் பல தாள்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு மண்டபத்தின் நீளத்துக்குக்கூடக் கொண்டுபோக முடியும். கறுப்பு நிறம் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு கொட்டையை எரித்துத் திரட்டும் கரியிலிருந்தும், செம்பழுப்பு அலையாத்தி மரப்பட்டையிலிருந்தும் செம்மண்ணிலிருந்தும் வருகின்றன. வடிவங்களை அச்சிட உதவும் ஸ்டென்சில்களை முன்பு வாழையிலையில் வெட்டினார்கள்; இப்போது மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படத்தாள்களில் வெட்டுகிறார்கள். வட்டுலேலே, லாவ் தீவுக்கூட்டத்தின் மோதே ஆகிய தீவுகள் இதற்குப் பெயர்பெற்றவை. திருமணம், இறப்பு, தலைவர்களுக்குப் பட்டம் சூட்டுதல் என எல்லாச் சடங்குகளிலும் மாசி விரிக்கப்படுகிறது, உடுத்தப்படுகிறது, கொடையாக அளிக்கப்படுகிறது. எந்த வடிவத்தை எதற்கு அடுத்து வைப்பது, எங்கே வெறுமையை விடுவது என்று முடிவுசெய்யும் அந்தப் பெண் வடிவமைப்பாளர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவள் பெயர் துணியில் எழுதப்படுவதில்லை என்பதாலேயே அவளைக் கலைஞர் வரிசையில் சேர்க்க நாம் தயங்குகிறோம்.

நீங்கள் எதிர்பார்த்த பொருளில் நவீனக் கலை, அதாவது கித்தான் ஓவியம், சிற்பம், கண்காட்சி ஆகியவை, சுவாவில் ஓர் இயக்கமாகத் திரண்டது 1997இல். தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் லௌதாலா வளாகத்தில் எபெலி ஹௌஓஃபா ஓசியானியா கலை, பண்பாட்டு மையத்தை அந்த ஆண்டு தொடங்கினார். டோங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பாப்புவாவில் பிறந்து பிஜியில் வாழ்ந்து 2009இல் சுவாவில் மறைந்த மானுடவியலாளர் அவர், எழுத்தாளரும்கூட. பசிபிக் தீவுகள் கடலில் சிதறிக்கிடக்கும் துண்டு நிலங்கள் என்னும் பார்வையை மறுத்து, கடலே அம்மக்களின் நாடு, தீவுகள் அதன் உறுப்புகள் என்று 1993இல் எழுதிய கட்டுரையின் வழியே அறியப்பட்டவர். தன் மையத்தில் பாடத்திட்டமோ தேர்வோ பட்டமோ அவர் வைக்கவில்லை. முறையான பயிற்சி இல்லாத இளைஞர்கள் வந்தார்கள், ஒருவர் வரைவதை மற்றவர் பார்த்துக் கற்றார்கள். நியுவே தீவில் பிறந்த ஓவியர் ஜான் பூலே வந்து பட்டறை நடத்தினார். அதிலிருந்து சிவப்பு அலை என்று பொருள்தரும் ரெட் வேவ் குழு உருவானது. தொன்மங்களை நெருக்கமான கோடுகளால் வரைந்த லிங்கிகோனி வக்கஊட்டா, இராமி புலி, மரச்சிற்பி பவுலா லிங்கா போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

தன் இனத்தின் வடிவங்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம், ஓசியானியா முழுவதற்கும் உரிய ஒன்றைப் புதிதாகச் செய்யுங்கள் என்று ஹௌஓஃபா கலைஞர்களிடம் வலியுறுத்தினார். இதை வெறும் அழகியல் கொள்கையாகப் படித்துவிடக் கூடாது. 1987இல் இரண்டு ராணுவக் கவிழ்ப்புகள் நடந்து, பூர்வகுடி பிஜியர் ஒருபுறம், இந்திய வம்சாவளியினர் மறுபுறம் என நாடு பிளந்து, ஆயிரக்கணக்கானோர் வெளியேறியபின் பத்தாண்டு கழித்துத் திறந்த மையம் அது. இனத்தின் பெயரால் யாரும் யாரையும் வெளியே தள்ள முடியாத ஓர் இடத்தை அவர் கலையில் உண்டாக்க முயன்றார். அந்த முயற்சியின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெட் வேவ் ஓவியர்களில் அதிகமும் ஆண்களே இருந்தார்கள். கித்தானில் வரைந்தவர் கலைஞர் என்று பெயர் பெற்றபோது, அதே நகரத்தின் சந்தையில் மாசி விற்ற பெண் பெயரற்றவளாகவே தொடர்ந்தாள்.

அந்தப் பெயரின்மை என்ன விலை கேட்கும் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஏர் பசிபிக் நிறுவனம் தன் பெயரை ஃபிஜி ஏர்வேஸ் என மாற்றிக்கொண்டபோது, மகெரெட்டா மத்தெமோசி என்னும் மாசிக் கலைஞர் உருவாக்கிய வடிவங்கள் விமானங்களின் வாலில் ஏறின. நீங்கள் அந்த விமானத்தில் பயணம் செய்திருந்தால் இன்றைய பிஜிக் கலைஞர் ஒருவரின் படைப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ஒரு மாசிக் கலைஞரின் பெயர் இவ்வளவு பரவலாகச் சொல்லப்பட்டது நல்ல செய்தி. ஆனால் 2013இல் அந்நிறுவனம் 15 மாசி வடிவங்களை வணிகக் குறியாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. தலைமுறைகளாகப் பல தீவுப் பெண்கள் வெட்டிவந்த வடிவங்களுக்கு ஒரு நிறுவனம் எப்படி உரிமையாளர் ஆக முடியும் என்று கலைஞர்களும் கல்வியாளர்களும் கேட்டார்கள். பாரம்பரிய வழக்கத்தைத் தடுக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் விளக்கியது. என் பார்வையில் எதிர்ப்பாளர்களே சரி. அடிப்படை வடிவங்கள் பொதுவுடைமை. அவற்றை ஒருவர் சேர்க்கும் விதத்தில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. இரண்டையும் ஒரே பத்திரத்தில் எழுதி வாங்க முடியாது.

2015இல் தொடங்கிய வெயிங்கியா திட்டம் இன்னும் ஆழமாகச் சென்றது. வெயிங்கியா என்பது பிஜியப் பெண்களின் பச்சைகுத்தும் வழக்கம். பருவமடைந்த பெண்ணுக்கு இடுப்பைச் சுற்றி, பெண்களே குத்துவார்கள். அதன்பின் அவள் லிக்கு என்னும் நார்ப்பாவாடையை உடுத்துவாள். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதப்பரப்பாளர்களின் அழுத்தத்தில் அவ்வழக்கம் மறைந்தது. லிக்குகளும் வடிவங்களின் வரைபடங்களும் அருங்காட்சியக அலமாரிகளுக்குப் போயின. லூயிசா தோரா, தாரிசி சொரோவி-வுனிந்திலோ, ஜோவானா மோனோலாங்கி, டல்சி ஸ்டூவர்ட் முதலிய பிஜி வம்சாவளிப் பெண்கள் ஒன்றுசேர்ந்து, நீங்கள் சென்ற அதே சுவா அருங்காட்சியகத்தின் சேகரிப்பை ஆராய்ந்து, 2016இல் ஆக்லாந்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆவணத்தை வாசிப்பதும், மூத்த பெண்களிடம் பேசுவதும், நாரை முடைவதும், தம் உடலில் மீண்டும் பச்சை குத்திக்கொள்வதும் என எல்லாம் சேர்ந்ததே அவர்களுடைய கலைச்செயல். சுவரில் மாட்டப்பட்டவை அதன் ஒரு பகுதிதான். அந்த வழக்கத்தைப் பற்றி எஞ்சியிருந்த எழுத்தில் பெரும்பகுதி வெளியாட்களான ஆண்களுடையது என்பதை நினைத்தால் இதன் எடை புரியும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1879 முதல் 1916 வரை 87 கப்பற்பயணங்களில் 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்தியர். ஆஸ்திரேலியாவில் வாழும் சிவாஞ்சனி லால் அந்தப் பயணங்களுக்குப் பயணத்துக்கு ஒன்றாக 87 கரும்புத் தண்டுகளைச் சாந்தில் வார்த்து நிறுத்தியிருக்கிறார். கசக்கிப் பிழியப்படும் பொருளை எலும்பைப் போல வெளிறி நிற்கும் தூணாக மாற்றிய அந்தப் படைப்பு, எண்ணிக்கையாக மட்டும் நாம் அறிந்திருந்த ஒன்றை உடலின் அளவுக்குக் கொண்டுவருகிறது. நியூசிலாந்தில் வாழும் குயிஷில் சரண் மஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்களில் துணியைத் தோய்த்து, அச்சிட்டு, தைத்து, ஒப்பந்தக்கூலிப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிறார். காலனிய ஆவணங்கள் அப்பெண்களைப் பழிகூறியோ பரிதாபமாகவோ மட்டுமே காட்டின. பாரதியின் பாடலில்கூட அவர்கள் அழுபவர்களாகத்தான் வருகிறார்கள். அது அறச்சீற்றம் கொண்ட பாடல் என்பதில் ஐயமில்லை. சரணின் துணிகளில் அவர்கள் எதிர்த்து நிற்பவர்களாகவும், சமைப்பவர்களாகவும், ஒருவருக்கொருவர் துணையாகவும் இருக்கிறார்கள். இக்கலைஞர்களிடம் தமிழ் அடையாளத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். அங்கே தமிழர், தெலுங்கர், மலையாளி, போஜ்புரி பேசியவர் ஆகிய எல்லோர் பிள்ளைகளும் பிஜி இந்தி பேசி ஒன்றாக வளர்ந்தவர்கள். கப்பலும் கரும்பும் அவர்களின் பொதுச்சொத்து.

நான் பெயர் சொன்னவர்களில் பலர் ஆக்லாந்திலும் சிட்னியிலும் வாழ்வதைக் கவனித்திருப்பீர்கள். 1987, 2000, 2006 ஆகிய ஆண்டுகளின் கவிழ்ப்புகளும், கலைக்கூடங்களும் வாங்குபவர்களும் குறைவான ஒரு சிறுநாட்டின் நிலையும் இதற்குக் காரணங்கள். சுவாவில் பிறந்து சிட்னியில் வாழும் சலோத்தே தவாலே, பிலிம்பிலி என்னும் மூங்கில் தெப்பத்தை ஆளுயரத்துக்கும் பெரிதாகக் காட்சிக்கூடத்துக்குள் கட்டினார். ஆற்றோட்டத்தில் கீழே மட்டுமே போகக்கூடிய, திரும்பிவராத தெப்பம் அது.

ஆகவே தங்கையின் ஊரிலேயே நீங்கள் நிறையப் பார்க்கலாம். ஜோவானா மோனோலாங்கியின் படைப்புகளிலிருந்து தொடங்குங்கள். மீண்டும் பிஜிக்குச் செல்வீர்களானால் லௌதாலா வளாகத்துக்குப் போங்கள். ரா மாகாணத்தில் நைசெரெலாங்கி என்னும் கிராமத்துத் தேவாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். பிரான்ஸில் பிறந்த ஓவியர் ஜான் ஷார்லோ 1962, 63இல் தீட்டிய சுவரோவியம் அங்கே இருக்கிறது. மாசி உடுத்த கறுப்புக் கிறிஸ்துவின் ஒருபுறம் பூர்வகுடி பிஜியரும் மறுபுறம் சேலையணிந்து மாலை ஏந்திய இந்தியப் பெண்ணும் எருதுகளோடு உழவரும் நிற்கிறார்கள். வெளியாள் வரைந்ததுதான், இருந்தாலும் காண வேண்டியது. சந்தையில் மாசி வாங்கும்போது எந்தத் தீவிலிருந்து வந்தது, யார் செய்தது என்று கேளுங்கள். பெயரைச் சொன்னால் துணியின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்