தசைக் கிழிவும் ஸ்கேனும்

கேள்வி: கால்பந்து ஆடும் என் மகனுக்குப் பின்தொடைத் தசை கிழிந்து 6 வாரமாகிறது. வலியில்லாமல் ஓடுகிறான். எம்.ஆர்.ஐ.யில் இன்னும் வீக்கம் தெரிகிறதாம். ஆடவிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் ‘டி2’ என்ற வகைப் படத்தில், தசையில் கோத்த நீர் வெண்மையாகத் தெரியும். ஆட்டத்துக்குத் திரும்பிய பிறகும் பலருக்கு அது மறைவதில்லை. தசைக்குள் ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்திருக்கிறதா என்று கேளுங்கள். அறுந்திருந்தால் ஆற நாளாகும். இல்லையென்றால், இரு காலின் வலிமையும் ஒத்திருந்து, முழுவேக ஓட்டத்திலும் வலி வராவிட்டால், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சியைக் கூட்டலாம்.

இடையிடையே பார்க்க அல்ட்ராசவுண்டே போதும். அடிபட்ட அன்றே எடுத்தால் இரத்தக்கட்டு சரியாகப் பிடிபடாது. 2 நாள் பொறுக்க வேண்டும். கருவியை அழுத்திப் பிடித்தாலும் சிறு கட்டு நசுங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும்.