பட்டாயா போறவங்க கேட்டது

கேள்வி: மே லீவுக்கு தாய்லாந்துல இருக்குற பட்டாயா போலாம்னு பேச்சு. சொந்தக்காரங்ககிட்ட சொன்னா ஒரு மாதிரி சிரிக்கிறாங்க. பொண்டாட்டி புள்ளைங்களோட போற ஊர்தானா சார் அது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: சிரிக்கிறவங்க பாரும் டான்ஸ் கிளப்புமா இருக்குற வாக்கிங் ஸ்ட்ரீட்ட மட்டும் மனசுல வச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அந்தத் தெரு பீச் ரோட்டோட தெக்கு கோடியில இருக்கு, சாயங்காலத்துக்கு மேல வண்டிய நிறுத்திட்டு ஆட்டம் ஆரம்பிக்கும், நீங்க அந்தப் பக்கம் போகலன்னா அது உங்க கண்ணுலயே படாது (பீச் ரோட்டுலயே ராத்திரி கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அதையும் சொல்லிடறேன்). மீன்பிடி கிராமமா இருந்த ஊருக்கு 1959 வாக்குல அமெரிக்க சிப்பாய்ங்க ஓய்வுக்குன்னு வர ஆரம்பிச்சாங்க, அப்புறம் வியட்நாம் போர், பக்கத்துலயே ஊ-தபாவ் விமானத்தளம், அப்ப ஒட்டுன பேருதான் இன்னும் போகல.

ரூம ஜோம்தியன் பக்கமோ நாக்லுவா பக்கமோ போடுங்க. ரெண்டும் அமைதி. நாக்லுவாவுல சாங்ச்சுவரி ஆஃப் ட்ரூத்னு கடலோரமா ஒரு பெரிய மரக்கோயில் இருக்கு, 1981ல ஆரம்பிச்ச வேலை இன்னும் முடியல, உள்ள போறப்ப தலைக்கு ஹெல்மெட் குடுப்பாங்க, மேல செதுக்கிட்டே இருக்காங்கல்ல அதான். சிவன், விஷ்ணு, பிரம்மான்னு நம்ம சாமிங்க எல்லாம் மரத்துல நிப்பாங்க, தச்சருங்க உளி புடிச்சு வேலை செய்யறதையும் பக்கத்துலயே நின்னு பாக்கலாம். டிக்கெட் கொஞ்சம் காஸ்ட்லிதான், ஆனா பட்டாயாவுல நான் காசு குடுத்துப் பாக்கச் சொல்ற ஒரே எடம் இதுதான்.

கேள்வி: ஹோட்டல்ல கோரல் ஐலேண்ட் பேக்கேஜ்னு சொல்லி ஆளுக்கு ஏகப்பட்டது கேக்குறாங்களாம், வாங்கலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: அவசியமே இல்லம்மா. அவங்க சொல்ற கோரல் ஐலேண்ட் கோ லான் தீவுதான். ஊரோட தெக்கு முனையில பாலி ஹாய்னு படகுத்துறை, அங்கேருந்து ஊர்க்காரங்க போற பெரிய படகு இருக்கு, டிக்கெட் 30 பாத்துங்கற (தாய்லாந்து காசு) கணக்குல ரொம்ப வருஷமா ஓடிக்கிட்டிருக்கு, முக்கால் மணி நேரத்துல தீவுல எறக்கிவிடும். பேக்கேஜ்ல போனா ஸ்பீட் போட்ல குலுக்கி எடுத்துட்டு நேரா தீவுக்கும் விடமாட்டாங்க, நடுக்கடல்ல மிதக்குற ஒரு மேடையில நிறுத்தி பாராசெயிலிங் போங்க, கடலடியில நடக்குற சீ வாக் போங்கன்னு தனித்தனியா காசு கேப்பாங்க, வேணாம்னு சொன்னா மத்தவங்க ஆடி முடிக்கிற வரைக்கும் வெயில்ல உக்காந்திருக்கணும்.

தீவுல தவேன் பீச்லதான் டூர் கூட்டம் மொத்தமும் எறங்கும். நீங்க நாபான் துறைக்குப் போற படகு புடிச்சு, அங்கேருந்து வண்டியில சமே பீச்சுக்குப் போயிருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஊருக்குள்ள இருக்குற பட்டாயா பீச்ச பாத்துட்டு இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு நெனச்சவங்க எல்லாம் இங்க வந்ததும் கப்சிப். திரும்பற கடைசி படகு எத்தன மணிக்குன்னு எறங்குனதுமே கேட்டு வச்சுக்கோங்க.

கேள்வி: ஊருக்குள்ள சுத்த டாக்ஸியா, ஆட்டோவா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ரெண்டும் வேணாம், சோங்தேவ் இருக்கு. பிக்அப் வண்டிக்குப் பின்னாடி எதிரெதிரா ரெண்டு பெஞ்ச் போட்டிருப்பாங்க, நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கணக்குதான். பீச் ரோட்லயும் செகண்ட் ரோட்லயும் சுத்திக்கிட்டே இருக்கும், ரெண்டும் ஒன்வே, அதனால எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் பாத்து கை காட்டி ஏறுங்க. எறங்கணும்னா தலைக்கு மேல ஒரு பட்டன், அமுக்குனா நிக்கும், எறங்கி முன்னாடி போய் டிரைவர் ஜன்னல்ல சில்லறையா குடுத்துட்டு நடையக் கட்டுங்க. பக்கத்துல உக்காந்திருக்குற தாய்க்காரங்க எவ்ளோ குடுக்குறாங்களோ அதேதான் உங்களுக்கும். ஏறுறதுக்கு முன்னாடி "ஹவ் மச்"னு கேட்டீங்கன்னு வைங்க, வண்டிய மொத்தமா வாடகைக்குக் கேக்குறீங்கன்னு எடுத்துக்கிட்டு பத்து மடங்கு சொல்வாங்க. இது பட்டாயா முழுக்க பொருந்தும், ஊர்க்காரங்க செய்றத பாத்து செஞ்சா காசு மிச்சம்.

கேள்வி: ஜெட் ஸ்கீ ஓட்டணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான்.
(வாசகர், சேலம்)

பதில்: நிக்கட்டும், ஓட்ட வேணாம். பழைய கீறலக் காட்டி நீதான் இடிச்சன்னு ஆயிரக்கணக்குல பாத் கேக்குறது அங்க ரொம்ப வருஷமா நடக்குற பொழப்பு. மீறி ஏறுனா, ஏறுறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் வரைக்கும் வீடியோ எடுத்துருங்க, பாஸ்போர்ட்ட மட்டும் டெபாசிட்டா குடுத்துடாதீங்க, பைக் வாடகைக்கு எடுத்தாலும் அப்படித்தான். தகராறு ஆச்சுன்னா டூரிஸ்ட் போலீஸ் 1155.

கேள்வி: நாங்க சுத்த சைவம், பட்டினி கிடக்கணுமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இந்தியன் ரெஸ்டாரண்ட்டுக்கு அங்க பஞ்சமே இல்ல, விலைதான் சுருக்குனு இருக்கும். தாய் சாப்பாடு வேணும்னா உஷார், வெறும் காய்கறிப் பொரியல்னு நெனச்சு வாங்குவீங்க, அதுல மீன் சாஸ் ஊத்தியிருப்பாங்க, பப்பாளிக்காய் சாலட்ல காஞ்ச எறாவே கெடக்கும். மஞ்ச துணியில செவப்பு எழுத்துல "ஜே"ன்னு தாய்ல எழுதுன கடையா பாருங்க, அங்க கறி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயம் இல்லாத சாப்பாட்டுக்கு உங்க வீட்டு ஆம்பளைங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது.

கேள்வி: விசா? சீசன்?
(பலர்)

பதில்: 2024 ஜூலைலேருந்து நமக்கு 60 நாள் விசா இல்லாம விட்டாங்க, ஆனா இந்த ரூல் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தாய்லாந்து தூதரக சைட்ல பாத்துருங்க. 2025 மே 1லேருந்து டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒரு ஆன்லைன் ஃபாரம் கட்டாயம், போய் எறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள போடணும், அது ஃப்ரீ, காசு கேக்குற சைட் எல்லாம் டுபாக்கூர். செப்டம்பர், அக்டோபர் மழை, நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் ஜோர்.

கேள்வி: அண்ணா, வேப் (இ-சிகரெட்) எடுத்துட்டுப் போலாமா?
(காலேஜ் மாணவர், கோவை)

பதில்: தாய்லாந்துல அது தடை தம்பி, மாட்டுனா ஃபைன், ஜெயில் வரைக்கும் போகும். வீட்லயே வச்சுட்டுப் போங்க, அப்பா கையில கெடைக்காத எடமா பாத்து.