தனியாள் கனூவுக்கு எந்த யோக்?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கெவ்லார் என்ற வலுவான, எடை குறைந்த இழையில் செய்த பழைய கனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) ஒன்றை வாங்கியிருக்கிறார்: 14 அடி நீளம், ஏறத்தாழ 16 கிலோ, ஒருவர் மட்டும் உட்காரும் வகை. செப்டம்பரில் ஒன்டாரியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்குத் தனியாகப் போகத் திட்டம். அங்கே ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். போர்ட்டேஜ் என்று சொல்வது அதைத்தான். கவிழ்த்த கனூவைத் தோளில் தாங்க உதவும் குறுக்குக்கட்டை, அதாவது யோக், இவர் வாங்கிய கனூவில் இல்லை. கடைக்காரர் துளை போட்டு நிரந்தரமாக ஒன்றைப் பொருத்தித் தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் இரண்டு துடுப்பைக் கட்டினாலே போதும், வீண்செலவு வேண்டாம் என்கிறார். “என் உயரம் 5 அடி 3 அங்குலம், தோளும் சிறியது. யார் சொல்வதைக் கேட்பது?” என்பது அவருடைய கேள்வி.

முதலில், துளை போட விடாதீர்கள். விளிம்பில் திருகி இறுக்கும் பிடி (கிளாம்ப்) உள்ள, கழற்றி மாட்டக்கூடிய கிளாம்ப் யோக் ஒன்றை வாங்குங்கள். நண்பர் சொன்னதையும் கற்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் ஓட்டும் கனூவில் ஆட்கள் முன்னும் பின்னும் உட்காருவார்கள், நடு இடம் காலியாக இருக்கும். கனூவின் எடை சமமாக நிற்கும் புள்ளியும் அங்கேதான் வரும். அதனால் அங்கே நிரந்தரமாக ஒரு யோக் இருப்பதில் சிக்கலே இல்லை. தனியாள் கனூவில் அந்த நடு இடம் உங்களுடையது. இருக்கையின் முன்விளிம்பு பெரும்பாலும் சமநிலைப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அங்கே ஒரு கட்டையை நிரந்தரமாகப் பொருத்தினால் அது உங்கள் தொடைக்கு மேலே வந்து நிற்கும். ஏறி இறங்குவது தொல்லை. முழந்தாளிட்டுத் துடுப்புப் போடுகிறவர் என்றால் இன்னும் தொல்லை. கனூ கவிழ்ந்தால் கால் சட்டென்று வெளியே வராது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

இது புதிய பிரச்சினையும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வழிகாட்டிகள் வைத்திருந்த கைடுபோட் என்ற படகிலும் ஆள் நடுவில் உட்கார்ந்துதான் துடுப்பு வலிப்பார். அதனால் கழுத்துக்கு ஏற்றபடி குடைந்து செதுக்கிய மர யோக்கைத் தனியாக வைத்திருந்தார்கள். கரை வந்ததும் இரு விளிம்புகளிலும் அதற்கென்று இருக்கும் பிடிகளில் அதை மாட்டி, படகைக் கவிழ்த்துத் தூக்கி நடப்பார்கள். நீங்கள் வாங்கப்போகும் கிளாம்ப் யோக் செய்வதும் இதே வேலைதான். அதே மலைப்பகுதியில் ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1883இல் ஓட்டிய ‘செய்ரி கேம்ப்’ என்ற கனூவின் எடை 5 கிலோகூட இல்லை. அந்த எடைக்கு யோக் எதற்கு! இன்றும் 10 கிலோவுக்குள் இருக்கும் கனூவைக் குறுகிய பாதையில் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். 16 கிலோவோடு அப்படி நடந்தால் நூறு அடி தாண்டுவதற்குள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும்.

சரி, கிளாம்ப் யோக்கில் எதைப் பார்க்க வேண்டும்? மரமா, அலுமினியமா, கார்பனா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது கடைசிக் கேள்வி. ஆஷ் மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நடக்கும்போது குலுக்கலைக் குறைக்கும். அலுமினியம் நனைந்தாலும் கவலையில்லை. கார்பன் எடை குறைவு, விலை அதிகம். மூன்றுமே உங்கள் கனூவைத் தாங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பிடி. கனூவின் மேல்விளிம்பு எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பல யோக்குகளின் கிளாம்ப், விளிம்பின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டுக்கு அடியில்தான் பிடிக்கும். இப்போதைய இலகு கனூக்கள் சிலவற்றில் விளிம்பு உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கும், உள்ளுதடே இருக்காது. அப்படி இருந்தால் வெளிப்பக்கம் பிடிக்கும் கிளாம்ப் வேண்டும். மர விளிம்பு என்றால் கிளாம்பின் முகத்தில் ரப்பரோ தோலோ ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பயணத்திலேயே தழும்பு விழும். அகலத்தையும் வீட்டிலேயே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பல தனியாள் கனூக்களில் பக்கவாட்டு உடல் மேலே வர வர உள்நோக்கி வளைந்திருக்கும். அதனால் விற்பனைத் தாளில் போட்டிருக்கும் அதிகபட்ச அகலம் உதவாது. சமநிலைப் புள்ளியில், விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்த அகலம்தான் கணக்கு. கிளாம்ப் நகர்வதற்கு நீளமான வெட்டு உள்ள யோக் நல்லது. இரண்டு அங்குலம் முன்னே தள்ளினாலும் அகலம் மாறிவிடும் அல்லவா?

கனூ தோளில் இருக்கும்போது அதன் எடை விளிம்பு வழியாக யோக்கின் மேல் இறங்குகிறது. கிளாம்ப் அந்த எடையைச் சுமப்பதில்லை, யோக் நழுவாமலும் திரும்பாமலும் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிளாம்ப் வழுக்குவது பெரும்பாலும் தரையிலிருந்து தூக்கும்போதுதான், அதுவும் யோக்கையே பிடித்து இழுத்தால். விளிம்பைப் பிடித்துக் கனூவைத் தொடைமேல் கொண்டுவந்து, அங்கிருந்து உருட்டித் தலைக்கு மேல் ஏற்றுங்கள். யோக்கைத் தோள் தொட்டால் போதும், கை தொட வேண்டாம்.

அடுத்தது பேட், அதாவது தோளில் உட்காரும் மெத்தை. உங்கள் உயரத்துக்கும் தோளுக்கும் இதுதான் முக்கியம். தனியாள் கனூ நடுவில் ஏறத்தாழ ஒரு அடி ஆழம்தான் இருக்கும். தோளிலிருந்து உச்சந்தலை வரை அளந்தால் ஏறத்தாழ அதே அளவுதான் வரும். பேட் மெல்லியதாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கனூவின் அடித்தளம் தலையில் தட்டும். இரண்டரை, மூன்று அங்குலம் உயரமுள்ள பேட் அந்த இடைவெளியைத் தருகிறது. விளிம்பும் கொஞ்சம் மேலே ஏறுவதால் பாதையும் தெரியும். யோக் விளிம்பின் மேலே உட்காரும் வகையாக இருந்தால் கட்டையின் தடிமனும் இதில் சேரும். இருக்கை பின்மண்டையில் இடிக்கிறதா என்பதையும் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கழுத்துக்குக் குடைந்து செய்த அழகான மர யோக்குகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பல, அகன்ற தோள் உள்ளவர்களுக்கான அளவில் வருகின்றன. உங்களுக்கு நேர்க்கட்டையும், நெருக்கவும் விலக்கவும் முடிகிற இரண்டு பேட்களும் பொருந்தும். கழுத்துக்கும் தோள் எலும்பின் முனைக்கும் நடுவே இருக்கும் தசையில் பேட் உட்கார வேண்டும். கழுத்தை நெருக்கவும் கூடாது, காறை எலும்பில் அழுத்தவும் கூடாது. உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே சுமப்பீர்களானால், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். அதன் தோள்பட்டை பேட்டின் இடத்தை மாற்றிவிடும்.

யோக்கை மாட்டும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காலிக் கனூவைச் சமநிலை கிடைக்கும்வரை நகர்த்திப் பார்த்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை அல்லது ஒரு அங்குலம் முன்முனைப் பக்கமாக மாட்டுங்கள். பின்பகுதி கொஞ்சம் கனமாகும், முன்முனை தானாக மேலே எழும்பும், பாதையை மறைக்காது. சரியான இடம் கிடைத்ததும் விளிம்பில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், ஒவ்வொரு கரையிலும் தேடவேண்டியதில்லை. துடுப்பையோ தண்ணீர்க் குடுவையையோ உள்ளே கட்டினால் சமநிலை மாறும். அதனால் எப்போதும் ஒரே இடத்தில் கட்டுங்கள்.

துடுப்பு விஷயத்துக்கு வருவோம். இரண்டு துடுப்பையும் இணையாக, கனூவின் இரு விளிம்புகளையும் இணைக்கும் சாதாரணக் குறுக்குக்கட்டைகளில் கட்டி, அவற்றின் அகன்ற பகுதியைத் தோளில் வைப்பது பழைய முறை, நல்ல முறையும்கூட. அல்கொன்குயினில் கேனூ லேக் ஏரியில் 1917 ஜூலையில் இறந்த ஓவியர் டாம் தாம்சனின் மரணத்தைப் பற்றிய வாதங்களில்கூட, அவர் கனூவில் துடுப்பு கட்டியிருந்த விதம் அவர் கட்டுவதுபோல் இல்லை என்ற பேச்சு உண்டு. ஆனால் இம்முறைக்கு, சமநிலைப் புள்ளிக்கு முன்னும் பின்னும் பொருத்தமான தூரத்தில் கட்டைகள் வேண்டும், நேரான மரத்துடுப்பு இரண்டும் வேண்டும். உங்களிடம் இருப்பது இருமுனைத் துடுப்போ வளைந்த தண்டுத் துடுப்போ என்றால் சரிவராது. ஒவ்வொரு கரையிலும் கட்டி அவிழ்க்கிற நேரம் வேறு. கிளாம்ப் உடைந்தால் கைகொடுக்கும் என்ற அளவில் கற்றுவையுங்கள்.

முதுகுப்பையையும் கனூவையும் ஒரே நடையில் கொண்டுபோக நினைத்தால், பை உயரமாக இருக்கக் கூடாது, அதன் பட்டையும் பேட்டும் ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது. முதல் பயணத்தில் இரண்டு நடையாகவே போங்கள். தூரம் மூன்று மடங்காகும் என்பது உண்மைதான், ஆனாலும் தோள் தப்பும்.

கேனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்குப் போகும் 295 மீட்டர் பாதை அகலமானது, மேடுபள்ளம் குறைவு. யோக்கை அங்கே சோதியுங்கள். ராகெட் லேக்கிலிருந்து பிக் போர்க்குபைனுக்குப் போகும் 590 மீட்டர் பாதையில் செங்குத்தான ஏற்றம் இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம். கிளாம்பின் திருகுக்கு மாற்றாக ஒன்றையும் இரண்டு மீட்டர் கயிற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திருகு காட்டில் விழுந்தால் கிடைக்காது.