எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? ஹோட்டல் விமர்சனம்: வாசகர் கேள்வி – பதில்

சென்னையின் டிஃபன் கடைகள், மெஸ்கள், கஃபேக்கள் பற்றி இணையத்தில் விமர்சனம் எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

ஒரே ஹோட்டல். காலையில் இட்லி பஞ்சு மாதிரி இருக்கிறது. சாயங்காலம் போனால் கல். இதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?
(வாசகி, மடிப்பாக்கம்)

நட்சத்திரம் அப்புறம் இருக்கட்டும். முதலில் நீங்கள் சாப்பிட்ட நேரத்தை எழுதுங்கள். டிஃபன் கடைக்கு விமர்சனம் எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். காலை 7 மணிக்கு வேகும் இட்லி முந்தின நாள் சாயங்காலம் அரைத்து இரவெல்லாம் புளித்த மாவு. சாயங்கால இட்லிக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, காலையில் மிஞ்சிய மாவு. அது புளிப்பேறியிருக்கும். இன்னொன்று, காலையில் அரைத்த மாவு. சென்னை வெயிலிலும் மாவு பொங்க 7, 8 மணி நேரமாவது வேண்டும். அவசரத்துக்கு முன்னாலேயே எடுத்து ஊற்றினால் இட்லி தட்டையாக, இறுகிப் போய் வரும். உங்களுக்குக் கிடைத்த 'கல்' அநேகமாக இதுதான்.

இட்லியை விரலால் லேசாக அழுத்துங்கள். பழையபடி எழும்ப வேண்டும். பிட்டால் உள்ளே சிறு துளைகள் ஒரே சீராகத் தெரிய வேண்டும். விரலில் ஒட்டினால் வேக்காடு போதவில்லை, அல்லது மாவில் தண்ணீர் அதிகம். மஞ்சளாக இருந்து, சோப்பு மாதிரி ஒரு சுவை நாக்கில் நின்றால் சோடா உப்பு கூடிவிட்டது. மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருந்தால் மாவின் மேல் பழி போடாதீர்கள். அது வெந்த பிறகு மூடிய பாத்திரத்தில் வெகுநேரம் கிடந்த இட்லி.

சட்னிக்கும் சாம்பாருக்கும் நேரக் கணக்கு உண்டு. தேங்காய்ச் சட்னி வெளியில் இருந்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். தண்ணீர் தனியே பிரியும், நுரை கட்டும், மூக்கருகே கொண்டுபோனாலே தெரியும். சட்னி கெட்டியாக, மாவு மாவாக இருந்தால் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கெட்டுப்போனதும் சிக்கனமும் வேறு வேறு குறைகள், இரண்டையும் ஒன்றாக்கி எழுதக்கூடாது. சாம்பார் அடுப்பிலேயே கொதித்து இறுகும், இறுக இறுக வெந்நீர் ஊற்றுவார்கள். பருப்பு அடியிலும் நிறத் தண்ணீர் மேலேயும் நின்றால் அந்த வேலை நடந்திருக்கிறது. மேலே மிதக்கும் பச்சைக் கொத்தமல்லியை நம்ப வேண்டாம், அது கிண்ணத்தில் ஊற்றும்போது தூவுவது.

ஆகவே நட்சத்திரத்தோடு ஒரு வரி சேருங்கள்: "காலை 8 மணி இட்லி நன்று, மாலை 6 மணி இட்லி இறுகியிருந்தது." படிக்கிறவருக்கு நட்சத்திரத்தைவிட அந்த வரிதான் உதவும்.

எழுதுவதற்கு முன் எத்தனை தடவை போக வேண்டும்? கைக்காசு அல்லவா?
(வாசகர், அம்பத்தூர்)

இரண்டு தடவை. கூட்ட நேரத்தில் ஒன்று, காலி நேரத்தில் ஒன்று. ஒரே தடவைதான் முடியும் என்றால் "ஒருமுறை சென்றது" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

காசை மிச்சப்படுத்த வழி, எதைக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு இட்லி, ஒரு சாதா தோசை, ஒரு மெதுவடை, ஒரு காபி. மாவு, தோசைக்கல், எண்ணெய், டிகாஷன் நான்கும் இதற்குள் வந்துவிடும். மசால் தோசை வேண்டாம். உள்ளே மசாலா இருக்கும்போது தோசையின் குறை தெரியாது. சாதா தோசையிலும் சுருட்டி வந்ததைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் வெளுத்து ஓரம் கருகியிருந்தால் கல்லில் சூடு சீராக இல்லை. நெய் ரோஸ்ட்டுக்கு வேறு சோதனை உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் இருந்தால் அது நெய்யாக இருக்க வாய்ப்பு குறைவு. வனஸ்பதி உருக நெய்யைவிடக் கூடுதல் சூடு வேண்டும், அதனால் வாயில் படிந்து நிற்கும்.

வடை எண்ணெயைக் குடித்திருந்தது. 'பழைய எண்ணெயில் பொரிக்கிறார்கள்' என்று எழுதினேன். ஹோட்டல்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். என் தவறா?
(வாசகர், குரோம்பேட்டை)

ஆம், அந்த வாக்கியம் தவறு. வடை எண்ணெய் குடித்ததை மட்டும் வைத்து எண்ணெய் பழசு என்று சொல்ல முடியாது. உளுந்து அளவுக்கு மீறி ஊறியிருக்கலாம் (வடைக்கு ஒரு மணி நேரம் சுமாராகப் போதும்), அரைக்கும்போது தண்ணீர் கூடியிருக்கலாம், எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டிருக்கலாம். கூட்ட நேரத்தில் ஒரே ஈட்டில் இருபது வடையைப் போட்டால் வாணலியின் சூடு சட்டென்று இறங்கிவிடும், புத்தம் புது எண்ணெயாக இருந்தாலும் வடை குடிக்கும்.

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் வேறு மாதிரி தன்னைக் காட்டும். வடை வெந்து முடியும் முன்பே கருக்கும், ஒருவித கமறல் வாசனை வரும், தொண்டை கரகரக்கும். வாணலி கண்ணில் படும்படி இருந்தால் எண்ணெய் கறுத்து, குழகுழத்து, விளிம்பில் நுரை அடங்காமல் நிற்பதைப் பார்க்கலாம். பொரிக்கும் எண்ணெயில் 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அதை அளக்கக் கருவி வேண்டும், நாக்கு போதாது. "வடை எண்ணெய் குடித்திருந்தது, கமறல் வாசனை இருந்தது" என்பது நீங்கள் கண்டது. "பழைய எண்ணெய்" என்பது உங்கள் ஊகம். கண்டதை மட்டும் எழுதுங்கள்.

காபி கசந்தது என்று எழுதினால் போதாதா?
(வாசகி, மயிலாப்பூர்)

எந்தக் கசப்பு என்று சொன்னால்தான் உதவும். டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் ஒரு முரட்டுக் கசப்பு வரும். சிக்கரி கூடினால் நிறம் கறுக்கும், கெட்டியாகத் தெரியும், மணம் இருக்காது. கறுப்பாக இருப்பதாலேயே ஸ்ட்ராங் காபி என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் நம் நாட்டு விதி. அதாவது ஏறக்குறைய பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி அது விற்கத் தக்க தூள்தான். பால் பாத்திரம் காலையிலிருந்து அடுப்பைவிட்டு இறங்காமல் இருந்தால் காபியில் காய்ச்சின பால் வாசனை தூக்கலாக வரும். தப்பு அப்போது டிகாஷனில் இல்லை.

முதல் தடவை 'வித்தவுட்' சொல்லி, சர்க்கரையைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாய் சர்க்கரையில்லாமல் குடித்தால் டிகாஷன் எப்படி என்பது தெரிந்துவிடும். நுரை அடங்க ஒரு நிமிடம் விட்டு டம்ளரில் எவ்வளவு நிற்கிறது என்றும் பாருங்கள். விலையோடு அந்த அளவையும் எழுதுவது நியாயம்.

கேப்புச்சினோ கஃபேக்களுக்கு இந்த அளவுகோல் செல்லுமா?
(கல்லூரி மாணவி, நுங்கம்பாக்கம்)

செல்லாது. அங்கே எஸ்பிரெஸ்ஸோதான் (இயந்திரத்தில் அழுத்தத்தோடு இறக்கும் கெட்டிக் காபி) அடிப்படை. பொதுவான கணக்கு 18 கிராம் தூள், 25 முதல் 30 விநாடி, சுமார் 36 கிராம் காபி. வேகமாக இறங்கினால் புளிப்பாக, நீர்த்து இருக்கும், தேங்கித் தேங்கி இறங்கினால் கசக்கும். பால் 60 முதல் 65 டிகிரி வரை. எழுபதைத் தாண்டினால் பாலின் இனிப்பு மங்கி, வெந்த வாசனை வந்துவிடும். "காபி சூடாகவே இல்லை" என்று எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள். கும்பகோணம் டிகிரி காபியின் சூட்டைக் கேப்புச்சினோவிடம் கேட்பது சரியல்ல.

ஆனால் கஃபேக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் காபிக்காகப் போவதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார விடுகிறார்களா, சார்ஜ் போட பிளக் இருக்கிறதா, பாட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா, கழிவறை எப்படி. இவற்றையும் எழுதுங்கள்.

சாம்பார் இனிக்கிறது என்று பெங்களூரு தர்ஷினி (நின்று சாப்பிடும் டிஃபன் கடை) ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். கன்னட நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள்.
(வாசகர், ஓசூர்)

அவர்கள் கோபம் நியாயம். உடுப்பி வழிச் சாம்பாரில் வெல்லம் சேரும், அது குறையல்ல, அந்தச் சமையலின் இலக்கணம். சென்னையிலும் அந்த வழி புதிதல்ல. கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த நகரத்துக்கு டிஃபன் பழக்கியதில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள். இட்லி ஊறிவிட்டது என்று அங்கே யாராவது குறை எழுதுவார்களா? கடை எதைச் செய்ய நினைக்கிறதோ அதைச் சரியாகச் செய்ததா என்று பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் "எனக்கு இனிப்புச் சாம்பார் ஒத்துவரவில்லை" என்று தனியே சொல்லலாம், நட்சத்திரத்தைக் குறைக்காமல்.

மெஸ் சாப்பாட்டில் எதை வைத்துத் தரம் சொல்வது? பத்துப் பதினைந்து ஐட்டம் இருக்கிறதே.
(வாசகர், வடபழனி)

ரசம். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பதார்த்தம் அது. பந்திக்குப் பந்தி அடுப்பில் கொதித்தால் மணம் ஓடிவிடும், தண்ணீர் வற்றி உப்பு ஏறும். பன்னிரண்டரை மணிக்கும் இரண்டு மணிக்கும் ரசம் ஒரே மாதிரி இருந்தால் அந்த மெஸ்ஸில் சமையலறையைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அடுத்தது மறு சோறு. கேட்காமல் வருகிறதா, கேட்டு வருகிறதா, வரும்போது சூடாக இருக்கிறதா. 'முழுச் சாப்பாடு' என்று பலகை இருந்தால் பொரியல் இரண்டாம் முறை உண்டா என்பதையும் கேட்டு எழுதுங்கள். சில இடங்களில் சோறு, குழம்பு மட்டும்தான் அளவில்லாமல்.

செயலியில் வரவழைத்துச் சாப்பிட்டு விமர்சனம் எழுதலாமா?
(வாசகி, சோழிங்கநல்லூர்)

'பார்சல்' என்று தலைப்பிலேயே போட்டு எழுதலாம். இட்லி, பொங்கல், தயிர்சாதம் பயணம் தாங்கும். ரவா தோசை, பூரி, வடை தாங்காது. மூடிய டப்பாவில் ஆவி தேங்கிப் பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். அதற்குச் சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது. சாம்பார் கசிந்தது, சட்னி வைக்க மறந்தார்கள் என்பதெல்லாம் கடையின் பொறுப்பு, தாராளமாக எழுதலாம். செயலி விலையும் கடை விலையும் பல இடங்களில் வேறுபடும், எந்த விலை என்று குறிப்பிடுங்கள்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?
(வாசகர், அண்ணா நகர்)

சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய, மாநில வரி தலா 10 ரூபாய், மொத்தம் 420. 'சர்வீஸ் சார்ஜ்' என்று 10 சதவீதம் சேர்த்திருந்தால் அது வரி அல்ல, ஹோட்டலின் தொகை. அதன் மேலும் வரி ஏறும்: 440க்கு 22, ஆக 462. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து ஹோட்டல் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் தள்ளுபடி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். எடுத்தார்களா, முகம் சுளித்தார்களா என்பதும் விமர்சனத்தில் வர வேண்டிய செய்திதான்.

சிறு கடைகள் பல காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடைக்காரரே வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி முறை) இருக்கும். அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி தனியாக வாங்கக் கூடாது, வரி வாங்கத் தகுதியில்லை என்பதைப் பில்லில் அச்சிடவும் வேண்டும். வரி வாங்காத கடையை 'ஏய்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள்.

சாப்பிட்ட இரவே வயிற்றுப்போக்கு. கடை பெயரைப் போட்டு எழுதலாமா?
(வாசகர், தாம்பரம்)

உடல்நலம் முதலில், மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைப்பது இயல்பு, ஆனால் பல நேரம் அது தவறு. சில கிருமிகளின் நஞ்சு ஒரு சில மணி நேரத்தில் வேலை காட்டும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஆறு மணி நேரம் முதல் சில நாள் வரை எடுத்துக்கொள்ளும். கூடச் சாப்பிட்ட இரண்டு, மூன்று பேருக்கும் ஒரே தொந்தரவு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள், மாதிரி எடுத்துச் சோதிக்க அவர்களால் முடியும். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண் இருக்கும், புகாரில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஒரு புதிய கஃபே 'வந்து சாப்பிடுங்கள், வீடியோ போடுங்கள், பில் வேண்டாம்' என்கிறது. போகலாமா?
(வாசகி, வேளச்சேரி)

போகலாம், ஆனால் மறைக்கக் கூடாது. இலவசச் சாப்பாடும் ஒரு கைமாறுதான். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய தொடர்பைப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. ஹேஷ்டேக் கூட்டத்தின் நடுவில் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அழைப்பில் போன இடத்துக்கு நட்சத்திரம் தராமல் இருப்பது நல்லது. அன்று உங்களுக்கு வந்த தட்டு மற்றவர்களுக்கு வரும் தட்டு அல்ல.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. பொதுநலனுக்காகச் சொல்லும் உண்மைக்கும், பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஒன்றைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. பில், தேதி, நேரம், எடிட் செய்யாத படம் நான்கையும் பத்திரமாக வையுங்கள். விமர்சனத்தில் "திருடர்கள்", "விஷம்" போன்ற சொற்கள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். "தோசை 120 ரூபாய், ஆறிப்போய் வந்தது, மாற்றித் தரவில்லை" என்பது இருந்தால் இருக்கட்டும். நோட்டீஸ் உண்மையாகவே வந்துவிட்டால் நீங்களே பதில் எழுதாமல் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.