கூட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போகிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கிறோம். வசந்தத்தில் ஏரிக்கரையில் கூடு கட்டும் விராலடிப்பானை, அதாவது மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்ப்ரே என்ற வேட்டைப்பறவையைப் படமெடுக்க ஆசை. ரட்லண்ட் வாட்டர் ஏரியில் கூடு தூரத்தில் தெரிவதால், ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு வேறொரு கூட்டுக்கு மிக அருகே கூட்டிப்போவதாகச் சொல்கிறார். உரிமம் வைத்திருக்கிறாராம். போகலாமா?

பதில்: போகாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் இந்தப் பறவைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. கூடு கட்டும்போதும், கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போதும் அதைத் தொந்தரவு செய்தால் குற்றம். வேண்டுமென்றே செய்தாலும் சரி, அசட்டையாகச் செய்தாலும் சரி. ஆறு மாதம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் உண்டு. அங்கே நின்றது நீங்கள் என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

உரிமம் என்ற சொல்லில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தில் அதைத் தருவது நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு. ஆள் பெயரும் நிபந்தனைகளும் குறித்துத் தரப்படும் அனுமதி அது. காசு கொடுத்தவர்களை எல்லாம் கூட்டிப்போகும் சுற்றுலாச் சீட்டு அல்ல. காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். "இடம் ரகசியம், அதனால் காட்ட முடியாது" என்பார்கள். ட்ரோன் வைத்திருப்பவர், குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை எழுப்பலாம் என்பவர், கூடு இருக்கும் இடத்தை வாட்ஸாப்பில் பகிர்பவர், எல்லாரும் ஒரே ரகம். ஒருவரையும் அண்டவிடாதீர்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து பெட்டை இரண்டு மூன்று முட்டைகளின் மேல் ஏறக்குறைய 37 நாள் உட்கார்ந்திருக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து நின்று கத்தும், அதுவே தொந்தரவு. பறந்துவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும், காகமும் வந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது ஒரு படம். அதற்குப் போவது அந்த ஆண்டின் மொத்த இனப்பெருக்கம்.

1916க்குப் பிறகு பிரிட்டனில் கூடு கட்டாமலே போனதாகக் கருதப்பட்ட பறவை இது. 1954 வாக்கில் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிக்குத் திரும்பியது. 1958இல் அங்கே காவலையும் மீறி முட்டையைத் திருடினார்கள். மறு ஆண்டே பொதுமக்கள் தூரத்திலிருந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் கூட்டுக்கு ஒரு காவலாயிற்று. ஆனால் 2021இல் வேல்ஸின் லின் பிரெனிக் ஏரியில் முட்டையிருந்த கூட்டைத் தாங்கிய கம்பத்தையே ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்கள். சட்டம் இருக்கிறது, ஏரிக்கரையில் இரவு முழுக்கக் கண்விழிப்பது மட்டும் இன்றும் தன்னார்வலர்கள்தான். எத்தனை வருடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பது?

ஒரு விலக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் குழப்பம் அதிகம். கூட்டுக்கு வெகு தூரத்தில், மீன் பண்ணைக் குளத்தில் ஆண்பறவை மீன் பிடிக்க வரும். அங்கே காசு வாங்கிக்கொண்டு, மறைந்திருந்து பார்க்கும் குடிலில் உட்காரவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு விஷயம். அங்கே கூடு இல்லை, அதனால் உரிமமும் வேண்டாம். ஆனால் அந்தக் குளத்தைப் பார்த்துவிட்டு "அப்படியே கூட்டையும் எட்டிப் பார்க்கலாம்" என்று யாராவது கிளப்பினால் அந்த நொடியே விலக்கு முடிந்தது. குளத்துக்குக் கொடுத்த காசு கூட்டுக்குச் செல்லாது. மீன் மேல் பாயும் படமும் குளத்தில்தான் கிடைக்கும், கூட்டில் அல்ல.

பார்ப்பதற்கு ரட்லண்டே போதும். 1996இல் ஸ்காட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, 2001இல் முதல் குஞ்சு பொரிந்த இடம். லிண்டன் பகுதியில் சீட்டு வாங்கிக்கொண்டு வேடர்ஸ்கிரேப் குடிலுக்கு நடந்தால் மேன்டன் விரிகுடாக் கூடு தெரியும். தொலைநோக்கியோடு தன்னார்வலர்கள் இருப்பார்கள். கூட்டுக் கேமராவும் உண்டு. மார்ச் கடைசியில் பறவைகள் திரும்பும். கூட்டுக்கு மீன் அடிக்கடி கொண்டுவருவதைப் பார்க்க ஜூனில் போங்கள்.

கண்காணிக்கவும் ஆசையென்றால் நாளும் நேரமும், மீன் வந்ததா, அடைகாக்க உட்கார்ந்தது ஆணா பெட்டையா என்பதை எழுதுங்கள். அடையாளத்துக்காகக் காலில் மாட்டிய நீல வளையம் தெரிந்தால் எழுத்தையும் எண்ணையும், எந்தக் கால் என்பதையும் குறியுங்கள். வலக்காலில் இருந்தால் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் பறவை. இடக்கால் என்றால் ஸ்காட்லாந்து. குறிப்பைக் குடிலில் இருக்கும் தன்னார்வலரிடம் கொடுங்கள். உங்களைக் கூப்பிட்டவர் அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருந்து, காவல்துறையின் அவசரமல்லாத எண்ணான 101க்கு அழைத்து வனவிலங்குக் குற்ற அதிகாரியிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.